சட்டி உடையாமலே தயிர் கலங்கும்: விளையாட்டில் தலையில் படும் அடிகள் பற்றி

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கழகத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. ஆவணி மாதம், புழுதி பறக்கிற மைதானம். கோணர் உதை ஒன்றுக்கு இரண்டு பெடியள் ஒன்றாக எழும்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எல்லைக்கோட்டில் நின்ற எங்களுக்கே கேட்டது. ஒருவன் உடனே எழும்பிவிட்டான். மற்றவனுக்குப் பதினைந்து வயது இருக்கும், கொஞ்ச நேரம் தலையைப் பிடித்தபடி குந்தியிருந்தான். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், நெற்றியில் தைலம் பூசினார்கள். "ஏலுமா?" என்று கேட்டதற்கு "ஓம், ஏலும்" என்றான். சனம் கைதட்டியது. இரண்டாம் பாதியில் அவன் ஒரு கோலும் போட்டான்.

அடுத்த நாள் காலை தாயிடம் கேட்டானாம்: "அம்மா, நேற்று ஆர் வென்றது?"

இதை ஊரில் ஒரு கிழமை பகிடியாகச் சொல்லித் திரிந்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன். பிறகுதான் உறைத்தது. தான் போட்ட கோலே ஒரு பிள்ளைக்கு நினைவில் இல்லையென்றால், அந்த நேரத்தில் அவன் மூளையில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தேடப் போனதில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. நான் வைத்தியன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஊரில் அடிபடுகிற கதைகள் இரண்டு, இரண்டும் பிழை. ஒன்று, "மண்டை உடையவில்லை, ஒன்றும் ஆகாது." மற்றது, ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வருவது: "பந்தைத் தலையால் அடித்தால் மூளை பழுதாகும், பிள்ளையை மைதானத்துக்கே விடாதே."

சட்டியும் தயிரும்

வன்னியில் எருமைத் தயிர் வாங்கிக் கொண்டு மோட்டார் சைக்கிளில் கிரவல் ரோட்டால் வந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டியில் ஒரு கீறல் கூட இருக்காது. மூடியிருந்த கடதாசியை எடுத்தால் தயிர் கலங்கி, பிளந்து, தண்ணீர் விட்டிருக்கும்.

மண்டையோடு சட்டி, மூளை தயிர். வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ. தொட்டுப் பார்த்தால் மென்மையானது. அதைச் சுற்றியும் உள்ளேயும் மூளைத் தண்டுவடத் திரவம் என்ற தெளிந்த நீர் இருக்கிறது, மொத்தமாக ஒரு பிளேன்ரீக் கோப்பை அளவு, 150 மில்லிலீட்டர் வரும். மெல்லிய குலுக்கல்களை இந்தத் திரவம் தாங்கிக்கொள்ளும். ஓடுகிற தலை திடீரென்று நின்றால், அல்லது நின்ற தலை ஒரு பக்கமாக வெட்டித் திரும்பினால், மண்டையோடு நின்ற பிறகும் உள்ளே இருப்பது ஒரு கணம் அசைந்துகொண்டே இருக்கும். நேராக வரும் அடியை விடத் தலையைச் சுழற்றுகிற அடி கூடுதலாகக் கலக்கும். சட்டியை முன்னே பின்னே தள்ளுவதற்கும் சட்டென்று திருகுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஒரு அடியால் மூளை இப்படிக் குலுங்கி, சிறிது காலத்துக்கு அதன் வேலை குழம்பிப்போவதற்குப் பெயர் மூளை அதிர்வு. ஆஸ்பத்திரியில் 'கன்கஷன்' என்பார்கள்.

தலைக்கவசம் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். கவசம் சட்டியைக் காக்கும், அதுவும் நன்றாகவே காக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் அதைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு போவது மடைத்தனம். ஆனால் உள்ளே தயிர் குலுங்குவதை அது முழுதாக நிறுத்தாது. தடித்த கவசம் போட்டு ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் (முட்டை வடிவப் பந்தைக் கையில் கொண்டு ஓடுவது, நம்முடையது வேறு) மூளை அதிர்வு சாதாரணமாக நடக்கிற ஒன்று.

வாய்க்காலில் நடப்பது

இனிச் சட்டியை விட்டு வயலுக்குப் போவோம். இரணைமடுக் குளத்தின் துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கடைசி வயல் வரை போகிறது. மூளைச் செல் ஒன்றிலிருந்தும் அப்படி ஒரு நீண்ட இழை போகிறது. அதற்கு நரம்பிழை என்று பெயர். செய்தி போவதும், செல்லுக்கு வேண்டிய சாமான்கள் போவதும் இதன் வழியேதான். இழை மிக மெல்லியது. மெதுவாக இழுத்தால் வளைந்து கொடுக்கும், வெட்டி இழுத்தால் உள்ளே முறிவு விழும்.

அடி பட்ட உடனே நடப்பது ஒரு சக்தித் தட்டுப்பாடு. செல்லுக்கு வெளியே இருக்க வேண்டிய உப்புகள் உள்ளேயும், உள்ளே இருக்க வேண்டியவை வெளியேயும் கலந்துவிடும். அதைச் சீராக்கச் செல் தன் பம்புகளை முழுவேகத்தில் ஓட்ட வேண்டும். அதே நேரத்தில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டம் குறையலாம். வயலில் தண்ணீர் ஏறிவிட்டது, இறைக்க மோட்டார் இரண்டு மடங்கு ஓட வேண்டும், மண்ணெண்ணெய் பாதிப் போத்தல்தான் இருக்கிறது. அந்த நிலைமைதான். இது நாட்கணக்கில், சிலருக்குக் கிழமைக்கணக்கில் நீடிக்கும். அந்த இடைவெளியில் இன்னொரு அடி பட்டால் சின்ன அடியும் பெரிய சேதம் செய்யும். மிக அரிதாக, இளம் பிள்ளைகளில், மூளை வீங்கி உயிரே போயிருக்கிறது.

அந்தப் பையனுக்குக் கோல் நினைவில்லாமல் போனதும் இதனால்தான். கால்கள் பழகிய வேலையைச் செய்தன. நடந்ததைப் பதிந்து வைக்கும் பகுதி அந்த நேரம் வேலை செய்யவில்லை.

சுருக்கமாக: மூளை அதிர்வில் எலும்பு முறிய வேண்டியதில்லை, இரத்தம் வர வேண்டியதில்லை. 'ஸ்கேன்' எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் தேடுவதற்கானது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்றுதான் அர்த்தம், நாளைக்கே ஆடலாம் என்று அர்த்தமில்லை.

மயங்கி விழுந்தால்தான் கணக்கா?

இல்லை. மூளை அதிர்வு வந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவில்தான் நினைவு தப்பி விழுகிறார்கள். மற்றவர்களுக்குத் தலையிடி, தலைச்சுற்று, சத்தி, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, மந்தமான பேச்சு, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல், "ஏதோ புகைக்குள் இருக்கிற மாதிரி" என்ற உணர்வு. இவற்றில் ஒன்றே போதும் சந்தேகப்பட. சிலருக்கு அடுத்த நாள்தான் தெரிய வரும்.

எண்ணப்படாத அடிகள்

இதுவரை பார்த்தது ஒரு பெரிய அடி. நீண்டகாலப் பிரச்சினையில் முக்கியமானது வேறொன்று, அதைத்தான் ஊரில் யாரும் பேசுவதில்லை.

பந்தைத் தலையால் அடிக்கிறோம். தலையிடி இல்லை, சுற்று இல்லை. ஆனாலும் உள்ளே கொஞ்சம் குலுங்கியது. இப்படி அறிகுறி எதுவும் காட்டாத அடிக்கு அதிர்வுக்குக் கீழான அடி என்று பெயர். கபடியில் பாடிப் போனவனின் முழங்கால் பிடிக்க வந்தவனின் நெற்றியில் படுவது, ரக்பியில் தோளும் தலையும் மோதுவது எல்லாம் இதில் சேரும். ஒவ்வொன்றும் சின்னது. யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். பயிற்சியில் மாஸ்டர் பந்தை எறிய எறிய ஒரு பெடியன் 20 தரம் தலையால் அடிக்கிறான். கிழமைக்கு மூன்று நாள், வருடத்துக்கு 40 கிழமை: 2,400. பத்து வயதில் தொடங்கி இருபது வரை ஆடினால் 24,000. போட்டிகளில் அடிப்பது இதில் சேரவில்லை. போட்டியில் ஒருவன் தலையால் அடிப்பது கைவிரல் எண்ணிக்கைக்குள் வரும். பெரும்பங்கு பயிற்சியில்தான் விழுகிறது, அதாவது குறைக்க மிக இலகுவான இடத்தில்.

அமெரிக்க உதைபந்தாட்ட வீரர்களை ஆராய்ந்து 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. கண்டறியப்பட்ட மூளை அதிர்வுகளின் எண்ணிக்கையை விட, வாழ்நாளில் தலை வாங்கிய விசையின் மொத்தம்தான் பின்னால் வரும் நோயோடு கூடுதலாகப் பொருந்தி வந்தது.

பல வருடம் கழித்து வருவது

திரும்பவும் வாய்க்காலுக்கு வருவோம். கரை இடியாமல் இருக்கச் சில இடங்களில் கம்பு ஊன்றி வைப்பார்கள். நரம்பிழைக்குள்ளும் அப்படித் தாங்கி நிற்கும் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் டாவ். இழை வெட்டி இழுபடும்போது டாவ் கழன்றுவிடுகிறது. கழன்ற கம்புகள் தண்ணீரோடு போய் எங்கே சிக்கும்? வாய்க்கால் வளைகிற இடத்தில். மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கும். அடிபடும்போது இழுவிசை கூடுதலாகக் குவிவது மடிப்புகளின் ஆழத்தில். கழன்ற டாவ் கட்டி கட்டியாக, சின்ன இரத்தக் குழாய்களைச் சுற்றிச் சேர்வதும் அங்கேதான்.

மீண்டும் மீண்டும் தலையில் அடி வாங்கியவர்களின் மூளையில் இப்படி டாவ் சேர்ந்து, காலப்போக்கில் செல்கள் அழிவதற்கு நாட்பட்ட அதிர்ச்சி மூளைநோய் என்று பெயர், சுருக்கமாக சி.டி.ஈ. ஆட்டத்தை விட்டு ஆண்டுகள் கழித்தும் இது நகரும், ஏனென்றால் ஒரு செல்லில் சேர்ந்த கட்டி பக்கத்துச் செல்லையும் கெடுக்கக் கூடியது. மறதி, முடிவெடுக்கத் தடுமாற்றம், கட்டுப்பாடில்லாத கோபம், மனச்சோர்வு, பிறகு மறதிநோய் என்று போகலாம்.

இது புதிதாகக் கண்ட விஷயமும் இல்லை. 1928 இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதினார்: குடிக்காமலே குடித்தவர் போலத் தள்ளாடுகிறார்கள், நாக்குக் குழறுகிறது என்று. நெடுங்காலம் அது குத்துச்சண்டைக்காரரின் வியாதி என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2002 இல் அமெரிக்க உதைபந்தாட்ட நட்சத்திரம் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் மனம் மிகவும் குழம்பியிருந்தவர். நைஜீரியாவில் பிறந்த வைத்தியர் பென்னட் ஒமாலு அவர் மூளையைப் பார்த்தபோது வெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியே மூடி வைத்திருக்கலாம். மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான் டாவ் கட்டிகள் தெரிந்தன. சட்டி மட்டுமா, தயிரும் மேற்பார்வைக்கு நன்றாகவே இருந்திருக்கிறது.

அதே 2002 இல் இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்ல் இறந்தார், வயது 59. இவர் நாம் ஆடுகிற அதே உதைபந்தாட்டம் ஆடியவர், தலையால் கோல் போடுவதில் பேர்போனவர். மரண விசாரணை அதிகாரி இதைத் தொழிலால் வந்த நோய் என்றே பதிந்தார். 2014 இல் அவருடைய மூளையை மீண்டும் ஆராய்ந்தபோது சி.டி.ஈ. உறுதியானது.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: மூளை அதிர்வு இன்று பட்ட அடியால் இன்று வருவது, பெரும்பாலும் மாறிவிடும். சி.டி.ஈ. பல ஆண்டு வாங்கிய அடிகளால் பல ஆண்டு கழித்து வருவது, மாறாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வீண் பயமும் வீண் தைரியமும்.

எண்களைக் கண்டு பயப்படுமுன்

2017 இல் வெளியான ஓர் ஆய்வில், தொழில்முறை அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஆடி இறந்த 111 பேரின் மூளைகளில் 110 இல் சி.டி.ஈ. இருந்தது. 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது' என்று வீடியோக்களில் வருவது இதுதான். ஆனால் அந்த மூளைகள் எப்படி வந்தன? பெரும்பாலும், "இவருக்கு ஏதோ நடந்திருக்கிறது, பாருங்கள்" என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள் கொடுத்தவை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆட்களை எண்ணிவிட்டு ஊர் முழுக்க வருத்தக்காரர் என்று சொல்ல முடியாது. இந்த மூளைகளைச் சேர்த்து வைத்து ஆராய்கிற அதே மூளை வங்கி 2023 இல், 30 வயதுக்கு முன் இறந்த 152 பேரைப் பார்த்தது. 63 பேருக்கு இருந்தது, அவர்களில் பெரும்பாலானோர் தொழில்முறையாக ஆடாதவர்கள். நூற்றுவீதத்தை இங்கேயும் அப்படியே எடுக்கக் கூடாது. ஆனால் இருபதுகளிலேயே, பாடசாலை, கல்லூரி அளவில் ஆடியவர்களிடமும் இது வரலாம் என்பதை அது காட்டிவிட்டது.

நமக்குக் கூடுதலாகப் பயன்படுவது ஸ்கொட்லாந்துக் கணக்கு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லி ஸ்டுவர்ட் தலைமையில் 2019 இல் வந்தது. 7,676 முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்களை, அதே வயதும் அதே வகை ஊர்ப்புறமும் கொண்ட பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். மூளை சிதையும் நோய்களால் இறப்பது வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. பயங்கரமாகத்தான் கேட்கிறது. ஆயிரம் பேர் கணக்கில் சொன்னால், பொதுமக்களில் 5 பேருக்கு முதன்மைக் காரணமாக இருந்தது, வீரர்களில் 17 பேருக்கு. மிச்சம் 983 பேரும் அதே அறிக்கையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இதய நோயால் இறந்தது பொதுமக்களை விடக் குறைவு.

2021 இல் அவர்களே இன்னொன்றைப் பார்த்தார்கள்: யார் எந்த இடத்தில் ஆடினார்? பின்னணித் தடுப்பாட்டக்காரருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோல் காப்பாளருக்கோ பொதுமக்களைப் போலவேதான். ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஒரே காலம். தலையால் அடிப்பதுதான் பெரிய வித்தியாசம். எனக்கு இந்த ஒரு வரி, மேலே சொன்ன மற்ற எல்லா எண்களை விடவும் கூடுதலாகப் பேசுகிறது.

பிள்ளைகளுக்கு ஏன் கவனம் கூட

பிள்ளையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை பலம் குறைவு. பந்து பட்டால் பெரியவரின் தலையை விட அது கூடுதலாக வெட்டித் திரும்பும். நரம்பிழைகளுக்கு மேல் காப்புறை போர்த்தும் வேலை இருபதுகளின் நடுப்பகுதி வரை நடந்துகொண்டே இருக்கிறது, ஆகவே இழுவையைத் தாங்கும் வலுவும் குறைவு. அதோடு, முன்கூட்டித் தொடங்கினால் கணக்கு முன்கூட்டி ஏறும்.

நம் மைதானங்களில் இன்னொன்றும் உண்டு. கழகத்தில் இருப்பது ஒரே பந்து, பெரியவர்களுடைய ஐந்தாம் இலக்கம், 410 முதல் 450 கிராம் நிறை. அதையும் கல் மாதிரிக் காற்றடித்து இறுக்கி வைத்திருப்போம். ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தலையால் அடிக்கிறது.

அமெரிக்காவில் நாம் ஆடுகிற இதே உதைபந்தாட்டத்தை நடத்தும் சம்மேளனம் 2015 இலேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் அடிப்பதை நிறுத்தியது. 2020 இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டன. இங்கிலாந்தில் 2021 முதல் தொழில்முறை வீரர்களுக்கே பயிற்சியில் கிழமைக்குப் பத்து பலத்த தலையடிக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டல் இருக்கிறது. சம்பளம் வாங்கி ஆடுகிறவருக்குப் பத்து. நம்முடைய ஏழாம் வகுப்புப் பெடியனுக்கு ஒரு பின்னேரத்தில் இருபது.

"செல்லுக்கே சாகாத தலை"

சுற்றுப்போட்டிக் கதையைச் சொன்னபோது ஓர் ஐயா சிரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, செல்லுக்கே சாகாத தலை, பந்துக்கா சாகப்போகுது?" அவர் சொன்ன செல், போரில் வந்து விழுந்த எறிகணை. வன்னியில் இந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். 2009 இன் போரைக் கடந்து வந்தவர்களுக்கு நெற்றி வீக்கம் ஒரு காயமே இல்லைத்தான்.

ஆனால் மூளை பழகிக்கொள்வதில்லை. கைத்தோல் காய்ப்பது போல மூளை காய்க்காது. குண்டு அதிர்வும் மூளையைக் குலுக்கக் கூடியது, அதுவும் கணக்கில்தான் சேரும். தலைக்காயத்தை மறதிநோய்க்கான, தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழுவும் 2020 இல் சேர்த்திருக்கிறது. ஆகவே அந்த ஐயாவின் தலைக்குத்தான் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

அதற்காக, கோபக்காரரான பழைய விளையாட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் சி.டி.ஈ. என்று முத்திரை குத்தி விடாதீர்கள். நித்திரையின்மை, எரிச்சல், மறதி எல்லாம் போரின் மனக்காயத்தாலும் வரும், மனச்சோர்வாலும் வரும், கட்டுப்பாடில்லாத இரத்த அழுத்தத்தாலும் வரும். சி.டி.ஈ. யை இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் உறுதி செய்ய முடிகிறது. மற்றவற்றுக்கு உயிரோடு இருக்கும்போதே வைத்தியம் இருக்கிறது. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வேலையை 'தலையில் பந்து பட்டது' என்ற கதையால் தள்ளிப் போடக் கூடாது.

சரி, மைதானத்தில் என்ன செய்வது?

தலையில் அடிபட்டு மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தெரிந்தால் ஆள் வெளியே. அன்றைக்குத் திரும்ப உள்ளே இல்லை, இறுதிப் போட்டி என்றாலும். "ஏலுமா?" என்று அவனையே கேட்பதில் பயனில்லை, குழம்பியிருப்பது பதில் சொல்ல வேண்டிய அதே மூளைதான். பனடோல் கொடுத்து இறக்குவது இன்னும் மோசம். வருத்தம் அப்படியே இருக்கும், அறிகுறி மட்டும் மறையும்.

திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், கை கால் பலமின்மை, ஒரு கண்மணி பெரிதாவது, கழுத்து நோ: இவற்றில் ஏதாவது இருந்தால் ஓட்டோ தேடி நேரம் போக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். கழுத்து நோகிறது என்றால் தூக்கி நிமிர்த்தக் கூடாது. நித்திரை கொள்ள விடக்கூடாது என்று அம்மம்மாமார் சொல்வது பற்றி: வைத்தியர் பார்த்து, இந்த ஆபத்துக் குறிகள் இல்லையென்றால் நித்திரை நல்லதுதான்.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஃபோனும் குறைவாக. இருட்டறையில் கிழமைக்கணக்கில் படுக்க வைக்க வேண்டியதில்லை. பிறகு நடை, பாடசாலை, மெல்லிய ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, கடைசியாகப் போட்டி. அறிகுறி திரும்ப வந்தால் ஒரு படி கீழே. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு கிழமைக்குள் சரியாகிவிடுவார்கள். பாடங்கள் முதலில், பந்து பிறகு. அந்தப் பையனின் தாய் கணக்குப் பாட மாஸ்டரிடம் போய்ச் சொல்லும் வரை, அவன் சோம்பலாகிவிட்டான் என்றுதான் வகுப்பில் நினைத்திருந்தார்கள்.

கழகங்கள் செய்யக்கூடியது பெரிய செலவும் இல்லை. சின்னவர்களுக்குத் தலையால் அடிக்கும் பயிற்சியே வேண்டாம். பதின்ம வயதில் பழக்கும்போது காற்றுக் குறைந்த இலேசான பந்து, பலூன் கூடப் போதும், எண்ணிக்கையை எழுதி வைத்து. கபடிக்குக் கட்டாந்தரையைக் கிளறி மணல் போடலாம். வெளியே எடுக்கும் முடிவை, வென்றாக வேண்டிய பயிற்றுநரிடம் விடாமல் வேறொருவரிடம் கொடுக்கலாம். அப்புறம், சுற்றுப்போட்டி விதிமுறைத் தாளில் நுழைவுக்கட்டணத்துக்கும் சீருடை நிறத்துக்கும் கீழே ஒரு வரிக்கு எப்போதும் இடம் இருக்கும்: "தலையில் அடிபட்டு வெளியேறும் வீரருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாம், அது வழமையான மாற்று வீரர் எண்ணிக்கையில் சேராது."